மூன்று வேலைகள், ஒரு பெட்டி: இந்திய வீட்டு மின்மானியின் வரலாறு

இணையத்தோடு இணைந்த வீட்டுச் சாதனங்களின் வரலாற்றை எழுதுவோர் வழக்கமாக ஒரு டோஸ்டரிலிருந்து தொடங்குவர். 1990ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த இன்டராப் கண்காட்சியில் ஜான் ராம்கி என்ற பொறியாளர் ஒரு டோஸ்டரை வலையில் இணைத்து, கணினி வழியாக அதை இயக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், காபிக் குடுவையில் காபி மிச்சமிருக்கிறதா என்பதை எழுந்து போகாமலே பார்ப்பதற்காக ஒரு கேமரா பொருத்தப்பட்டது. 2000இல் எல்ஜி நிறுவனத்தின் இணையக் குளிர்பதனப்பெட்டி வந்தது. அதன் பிறகு குளிர்சாதனக் கட்டுப்பாட்டுக் கருவி, கதவு மணி, பேசும் ஒலிபெருக்கி என்று பட்டியல் நீள்கிறது. இந்தப் பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. யாரோ ஒருவர் கடைக்குப் போய், விலை விசாரித்து, விரும்பி வாங்கிய பொருள்கள் அவை.

இந்தியாவில் பல கோடி வீடுகளின் வாசலுக்கு வந்து சேரும் வலையிணைப்புச் சாதனம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. அதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதும் எளிதன்று. மின்மானி, அதாவது பேச்சு வழக்கில் மீட்டர், ஸ்மார்ட் மீட்டராக மாறியதையே இங்குக் குறிப்பிட வேண்டியுள்ளது. தொழில்நுட்பங்களின் ஒன்றிணைவு என்று பொதுவாகப் பேசப்படுவது என்ன என்பதை அறிய, டோஸ்டரைக் காட்டிலும் இந்தச் சாம்பல் நிறப் பெட்டி நல்ல சான்று. ஏனெனில் இதில் ஒன்றிணைந்தவை கருவிகள் மட்டுமல்ல. முன்பு வெவ்வேறு மனிதர்களும் வெவ்வேறு சட்ட நடைமுறைகளும் செய்துவந்த மூன்று வேலைகள், அதாவது அளத்தல், அளவை எடுத்துச் செல்லுதல், இணைப்பைத் துண்டித்தல் ஆகியவை, ஒரே உறைக்குள் அடங்கிவிட்டன.

தொடக்கத்தில் மீட்டரை நுகர்வோரால் படிக்கவே முடியாது. 1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் தொடங்கிய எடிசன், விற்ற மின்சாரத்தை அளக்க வேதியியலை நாடினார். வீட்டில் வைக்கப்பட்ட கண்ணாடிக் குடுவையில் துத்தநாக சல்ஃபேட் கரைசல். அதில் இரண்டு துத்தநாகத் தகடுகள். மின்னோட்டத்தின் ஒரு சிறு பங்கு அதன் வழியே செல்லும்போது ஒரு தகட்டிலிருந்து உலோகம் கரைந்து மற்றொன்றில் படியும். நிறுவனத்தின் ஆள் மாதந்தோறும் வந்து தகடுகளை எடுத்துச் சென்று நிறுத்துப் பார்ப்பார். எடை வேறுபாடே கட்டணம். குளிர்காலத்தில் கரைசல் உறையாமலிருக்கப் பெட்டிக்குள்ளேயே ஒரு விளக்கு எரியும். வாடிக்கையாளர் எவ்வளவு செலவழித்தார் என்பது தொலைவிலுள்ள ஒரு தராசில்தான் தெரியவரும். அவர் அதை நம்பியாக வேண்டும்.

இந்த நிலையை மாற்றியது மாறுமின்னோட்டம். 1885இல் கலிலேயோ ஃபெராரிஸ் சுழல் காந்தப்புலத்தை விளக்கிக் காட்டினார். 1888இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஆலிவர் ஷாலன்பர்கரும், 1889இல் புடாபெஸ்டின் கான்ஸ் ஆலையைச் சேர்ந்த ஓட்டோ பிளாத்தியும் அந்தத் தத்துவத்தைக் கொண்டு மீட்டர் அமைத்தனர். ஓர் அலுமினியத் தட்டு, இரண்டு கம்பிச்சுருள்கள், வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு நிலைக்காந்தம், எண்களைக் காட்டும் பற்சக்கரங்கள். இந்தியாவில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் அனைவரும் அறிந்த, நடுவே ஒரு கறுப்புக் கோடு சுற்றிச் சுற்றி வரும் மீட்டர் இதன் நேர் வாரிசுதான். அந்தத் தட்டு அளந்தது மட்டுமல்ல, அளப்பதை எல்லோருக்கும் காட்டியது. இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் கோடு விரைந்தோடும். எல்லாவற்றையும் அணைத்தால் நின்றுவிடும். பள்ளிப் பிள்ளைகூட அதன் முன் நின்று சோதித்துப் பார்க்கலாம். நூறாண்டுக் காலம் உலகெங்கும் நிலைத்த இந்தக் கருவியின் வெற்றியில் அதன் துல்லியத்தோடு இந்த வெளிப்படைத்தன்மைக்கும் பங்குண்டு.

1899இல் கல்கத்தாவில் பொது மின்வழங்கல் தொடங்கியது. தொடர்ந்து வந்த 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம் மீட்டரை ஒரு சட்டப் பொருளாக்கியது. அதன் 26ஆம் பிரிவின்படி, மீட்டர் சரியா தவறா என்ற தகராறு எழுந்தால் முடிவு சொல்ல வேண்டியவர் மின்சாரத்தை விற்கும் நிறுவனமல்லர், மின் ஆய்வாளர். 24ஆம் பிரிவின்படி, கட்டணம் செலுத்தாதவரின் இணைப்பைத் துண்டிக்க ஏழு முழு நாள்களுக்கு முன்பே எழுத்து வடிவில் அறிவிப்புத் தர வேண்டும். காலனியச் சட்டம் நுகர்வோர் மீது பரிவு கொண்டு எழுதப்பட்டது என்று எண்ணத் தேவையில்லை. ஆயினும் அளப்பவர், தீர்ப்பவர், துண்டிப்பவர் ஆகியோருக்கிடையே அது இடைவெளி விட்டிருந்தது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும் அந்த இடைவெளியைக் காத்தது. 56ஆம் பிரிவில் ஏழு நாள் பதினைந்தாக நீண்டது.

நடைமுறையில் அந்த இடைவெளிகளில் மனிதர்கள் இருந்தனர். மின் கணக்கீட்டாளர் வந்து ரீடிங் எடுப்பார். தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை அவர் எடுக்கும் கணக்கு வீட்டிலிருக்கும் வெள்ளை அட்டையிலும் ஏறும். பதிவின் ஒரு படி வீட்டிலேயே தங்கும். கட்டணம் செலுத்தாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்க ஒருவர் ஏணியோடு வருவார். அவரிடம் இரண்டு நாள் தவணை கேட்கலாம். வீட்டில் நோயாளி இருப்பதைச் சொல்லலாம். கையூட்டும் கொடுக்கலாம். இந்திய மின்துறை பற்றிய ஆய்வுகள் இந்த ஏற்பாட்டைக் கசிவு, முறைகேடு என்ற தலைப்புகளில் பதிவு செய்கின்றன. அது தவறில்லை. ஆனால் அதே ஏற்பாடுதான் ஏழைக் குடும்பத்துக்கும் அரசு நிறுவனத்துக்கும் இடையே பேச்சுவார்த்தை நிகழ்ந்த ஒரே களமாகவும் இருந்தது என்பதை அந்தத் தலைப்புகள் மறைத்துவிடுகின்றன.

முதல் மாற்றம் அளத்தலில் நிகழ்ந்தது. 1990களில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் எண்களாக மாற்றிப் பெருக்கும் சிப்புகள் மலிவாயின. சுழலும் தட்டு மறைந்து, சிவப்பு விளக்கு சிமிட்டும் மின்னணு மீட்டர் வந்தது. இங்கே இந்தியாவுக்கென்று ஒரு தனிப் பாதை உருவானதைக் கவனிக்க வேண்டும். மேற்கு நாடுகளில் மின்னணு மீட்டரை வேண்டச் செய்தவற்றுள் முக்கியமானது நேரத்துக்கேற்ற கட்டணம். இந்தியாவிலோ அது பெரிதும் மின்திருட்டின் பொருட்டு வந்தது. காந்தம் வைத்தல், நியூட்ரல் கம்பியைக் கழற்றுதல், மின்னோட்டத்தின் திசையைத் திருப்புதல், உறையைத் திறத்தல் ஆகிய ஒவ்வொன்றையும் உணர்ந்து, நாள், மணி, நிமிடத்தோடு குறித்துவைக்கும் நினைவகம் இங்குள்ள மீட்டர்களின் முக்கியக் கூறாயிற்று. அளக்கும் கருவி, சாட்சி சொல்லும் கருவியும் ஆயிற்று. அதற்குக் கடிகாரம் தேவைப்பட்டது, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம் தேவைப்பட்டது, பதிவைப் படித்தெடுக்க ஓர் ஒளித்துளை தேவைப்பட்டது. பின்னாளில் ஸ்மார்ட் மீட்டருக்கு வேண்டிய உறுப்புகளில் பாதி, இவ்வாறு வலைப்பின்னலோடு தொடர்பற்ற ஒரு காரணத்துக்காக முன்பே பெட்டிக்குள் குடியேறிவிட்டன.

2002இல் டெல்லியின் மின்விநியோகம் தனியார்மயமானபோது பழைய மீட்டர்கள் பெருமளவில் மாற்றப்பட்டன. புதிய மீட்டர் வேகமாக ஓடுகிறது என்ற புகார் நகரெங்கும் எழுந்தது. குடியிருப்போர் நலச்சங்கங்கள் தெருவில் இறங்கின. தேய்ந்த தட்டுகள் குறைத்துக் காட்டி வந்ததைப் புதிய மீட்டர்கள் சரியாகக் காட்டின என்ற விளக்கம் பொறியியல் நோக்கில் ஏற்கத்தக்கதே. எனினும் அந்தப் புகாரை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. சுழலும் தட்டை நின்று பார்த்துச் சோதித்தவருக்குச் சிமிட்டும் விளக்கைச் சோதிக்க வழி தெரியவில்லை. எடிசனின் குடுவைக் காலத்து நிலை, அதாவது அளவை நம்பியாக வேண்டிய நிலை, வேறு வடிவில் திரும்பியிருந்தது.

எடுத்துச் செல்லுதல் இரண்டாவது வேலை. 1970களில் அமெரிக்காவில் தியடோர் பாராஸ்கெவாகோஸ் தொலைபேசிக் கம்பி வழியே மீட்டரின் அளவைத் தானாக அனுப்பும் முறைக்கு வழிவகுத்தார். அழைப்பவரின் எண்ணைக் கண்டறியும் அவருடைய முந்தைய ஆராய்ச்சியிலிருந்து கிளைத்தது இது. ஒரு துறைக்கென உருவான நுட்பம் இன்னொரு துறையில் வேர்பிடிக்கும் ஒன்றிணைவுக்கு நல்ல எடுத்துக்காட்டு. நாடு தழுவிய அளவில் இதை முதலில் செய்தது இத்தாலியின் எனெல் நிறுவனம். 2001இல் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் சுமார் 3 கோடி வீடுகளில், மின்கம்பியையே தகவல் தடமாகக் கொள்ளும் மீட்டர்களை அது பொருத்தியது. அலுவலகத்திலிருந்தே மின்சுமை வரம்பைக் குறைக்கவும் துண்டிக்கவும் அவற்றால் முடிந்தது.

அளவு அடிக்கடி பயணிக்கத் தொடங்கினால் என்ன நிகழும் என்பதை இதற்கெல்லாம் முன்பே ஒருவர் உணர்ந்திருந்தார். 1980களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட், சூரிய மின்தகடு பொருத்திய வீடுகளின் மின்சுமைப் பதிவுகளை ஆராய்ந்து வந்தார. வரைபடத்தில் படிக்கட்டுப் போன்ற ஏற்ற இறக்கங்கள் தெரிந்தன. ஒவ்வொரு படியும் ஒரு சாதனம் இயங்கியதையோ நின்றதையோ குறித்தது; படியின் உயரம் அது எந்தச் சாதனம் என்பதைச் சொன்னது. வீட்டுக்குள் எந்தக் கருவியிலும் கைவைக்காமல், வாசலிலுள்ள ஒற்றை அளவியிலிருந்தே உள்ளே நடப்பதைப் பிரித்தறியும் இந்த முறையை அவர் 1992இல் விரிவான கட்டுரையாக வெளியிட்டார். இன்றும் அத்துறையினர் முதலில் மேற்கோள் காட்டுவது அந்தக் கட்டுரையைத்தான். ஆனால் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 1989இல், தம் கண்டுபிடிப்பு கண்காணிப்புக் கருவியாக மாறக்கூடும் என்று எச்சரித்துத் தனிக் கட்டுரை ஒன்றை அவர் எழுதியிருந்தார். எப்போது விழிக்கிறார்கள், எப்போது வீட்டில் ஆளில்லை, எப்போது உறங்குகிறார்கள் என்பதெல்லாம் அப்பதிவில் உண்டு. ஒரு நுட்பத்தின் கேடுகளை அதன் தந்தையே அது சந்தைக்கு வருமுன் எழுதிவைத்த நிகழ்வுகள் தொழில்நுட்ப வரலாற்றில் அதிகமில்லை. முதல் கட்டுரையைப் படித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைத் தேடிப் படித்தனர் என்பது வேறு செய்தி. இத்துறையில் பரவலாகப் பயன்படும் திறந்த மென்பொருள் தொகுப்பான என்.ஐ.எல்.எம்.டி.கே. 2014இல் வெளிவந்ததில் டெல்லி ஐ.ஐ.ஐ.டி. ஆய்வாளர்களுக்கு முதன்மையான பங்குண்டு என்பதால், இது தொலைதூரத்துக் கதையன்று.

இந்திய ஸ்மார்ட் மீட்டர் 15 அல்லது 30 நிமிடங்களுக்கு ஒருமுறைதான் நுகர்வைப் பதிவு செய்கிறது. மிக்ஸி ஓடியதை அதிலிருந்து பிரிப்பது கடினம் என்று பொறியாளர்கள் சொல்வது உண்மையே. ஆனால் வீடு பூட்டியிருந்த ஒரு வாரத்தையோ, குளிர்சாதனம் ஓடிய ஓர் இரவையோ காண அரைமணி நேரப் பதிவே போதும்.

2015இல் இந்தியத் தரநிர்ணய அமைவனம் ஐ.எஸ். 16444 என்ற தரத்தை வெளியிட்டது. அளவி, தகவல் தொடர்புக் கருவி, துண்டிக்கும் ரிலே ஆகியன ஒருங்கே அமைந்த சாதனம் ஒன்றுக்கு நாட்டில் இலக்கணம் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்ட உதய் திட்டம், அதிகம் செலவழிப்போரிடமிருந்து தொடங்க நினைத்தது: மாதம் 500 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்துவோருக்கு முதலில், 200க்கு மேற்பட்டோருக்குப் பின்னர். 2021இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த ஆர்.டி.எஸ்.எஸ். திட்டத்தில் அந்த வரிசைமுறை இல்லை. சுமார் 3.03 லட்சம் கோடி ரூபாய் மதிப்பிலான அத்திட்டத்தின் இலக்கு 25 கோடி மீட்டர்கள். அவை முன்பணம் செலுத்தும் மீட்டர்களாக இருக்க வேண்டும். மீட்டரை வாங்கிப் பொருத்திப் பராமரிப்பது மின்வாரியமன்று, ஒப்பந்தம் எடுத்த தனியார் சேவை நிறுவனம். அதற்கு மீட்டர் ஒன்றுக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் பணம் தரப்படும். உதயின் பட்டியல், மீட்டரை மின்சாரத்தை அளந்து பகிரும் கருவியாகக் கண்டது. 2021இன் திட்டம், கடனை வராமல் தடுக்கும் கருவியாகக் கண்டது. பெட்டி ஒன்றேதான்.

முன்பணம் என்ற இந்தக் கருத்து மின்னணுவியலில் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் தொழிலாளர் குடியிருப்புகளில் ஒரு பென்னி நாணயம் போட்டால் எரிவாயு தரும் மீட்டர்கள் பரவின. அதன் நவீன வடிவத்தைப் பேரளவில் செய்து பார்த்த நாடு தென்னாப்பிரிக்கா. 1980களில் நிறவெறி ஆட்சிக்கு எதிராகக் கறுப்பினக் குடியிருப்புகள் வாடகையும் சேவைக் கட்டணமும் செலுத்த மறுத்துப் போராடின. அந்தப் பின்னணியில் வளர்ந்த முன்பண மீட்டர், 1990களில் ஜனநாயக அரசின் மின்மயமாக்கலோடு சேர்ந்து நாடெங்கும் பரவியது. கடையில் பணம் கொடுத்தால் 20 இலக்க எண் கிடைக்கும்; அதை அழுத்தினால் விளக்கு எரியும். மறுத்துப் போராட இனிக் கட்டணச்சீட்டே இல்லை. மானுடவியலாளர் அன்டினா ஃபான் ஷ்னிட்ஸ்லர் இந்த மாற்றத்தை, அரசியல் பூசல் ஒரு கருவிக்குள் இடம்பெயர்ந்த வரலாறாக எழுதியுள்ளார். பிரிட்டனோ குடிநீர் விஷயத்தில் எதிர்த் திசையில் சென்றது. கட்டணம் செலுத்தாததற்காக வீடுகளின் குடிநீரைத் துண்டிப்பதை 1999ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்தது; முன்பணம் தீர்ந்தால் தானே அடைத்துக்கொள்ளும் கருவிகளும் அதனால் கைவிடப்பட்டன. பணம் தீர்ந்து இருட்டில் அமர்ந்திருப்பவரைத் துண்டித்தது யார் என்ற கேள்வியை முன்பண மீட்டர் புதைத்துவிடுகிறது. அலுவலகம் துண்டிக்கவில்லை, அறிவிப்பு அனுப்பவில்லை. அவர் பணம் போடவில்லை, அவ்வளவே. 56ஆம் பிரிவின் பதினைந்து நாள்கள் நிலுவை என்ற ஒன்றை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. நிலுவையே உருவாகாத ஒரு முறையில் அந்த நாள்களை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது?

மூன்றாவது வேலையும் பெட்டிக்குள் வந்துவிட்டதை நாடு உணர்ந்த நாள் 2020 ஆகஸ்ட் 12. அன்று கிருஷ்ண ஜெயந்தி. உத்தரப் பிரதேசத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர் வீடுகளில் ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றது. கம்பி அறுந்ததோ மின்மாற்றி எரிந்ததோ காரணமன்று. அண்டை வீட்டின் பழைய மீட்டரில் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மைய அமைப்பிலிருந்து தவறான துண்டிப்புக் கட்டளை மீட்டர்களுக்குச் சென்றிருந்தது. அம்மாநிலம் விசாரணைக்கு உத்தரவிட்டு, மேற்கொண்டு ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவதைச் சில காலம் நிறுத்திவைத்தது. ஒன்றரை லட்சம் ஃபியூஸ்களை ஒரே நாளில் பிடுங்க ஏணியோடு போகும் ஆள்களால் இயலாது. தவறின் அளவே மாறிவிட்டது என்பதுதான் அந்நாளின் செய்தி. பின்னர் எழுந்த விவாதமோ பெரும்பாலும் எந்த நிறுவனத்தைப் பொறுப்பாக்குவது என்பதில் முடிந்தது.

பிற நாடுகளில் இந்த விவாதம் வீட்டின் அந்தரங்கம் என்ற வாயில் வழியே நுழைந்தது. 2009இல் நெதர்லாந்து நாடாளுமன்ற மேலவை, ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் மசோதாவை அந்தரங்கத்தின் பொருட்டு ஏற்க மறுத்தது. பின்னர் விருப்பத் தேர்வாக அது திரும்பி வந்தது. 2018இல் அமெரிக்காவின் ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் நேப்பர்வில் நகர வழக்கில், நகராட்சி 15 நிமிடங்களுக்கு ஒருமுறை மின் நுகர்வைத் திரட்டுவது அரசமைப்புச் சட்டத்தின் பொருளில் ஒரு சோதனையே என்றது. அதே மூச்சில், மின்வழங்கலின் நோக்கத்துக்காக மட்டும் செய்யப்படும் அந்தச் சோதனை நியாயமானது என்றும் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2023இல் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது மின் நுகர்வைத் தனியே எடுத்துப் பேசவில்லை. ஆனால் மின்சாரச் சட்டத்துக்குள்ளேயே ஒரு பழைய எல்லைக்கோடு இருக்கிறது. மின்திருட்டு பற்றிய 135ஆம் பிரிவு அதிகாரிகளுக்குக் கதவை உடைத்து நுழையும் அதிகாரம் வரை தருகிறது. அதே பிரிவு, சூரியன் மறைந்ததற்கும் உதித்ததற்கும் இடையே, அங்கு வசிக்கும் வயதுவந்த ஆண் ஒருவர் உடனிருந்தாலன்றி, குடியிருப்புகளைச் சோதனையிடக் கூடாது என்றும் விதிக்கிறது. அந்த விதியில் உறைந்துள்ள ஆணாதிக்கப் பார்வை தனியே பேசத் தக்கது. இருந்தும், இரவில் வீடு வேறு என்பதைச் சட்டம் அறிந்திருந்தது. வாசலிலுள்ள பெட்டி இரவு முழுவதும் அரைமணிக்கு ஒருமுறை அனுப்பும் தகவல், கதவைத் தட்டாததால், அந்த விதியின் பார்வையில் படுவதேயில்லை.

விதிகள் பெட்டியைத் துரத்திக்கொண்டு வருகின்றன என்பதற்கு 2023 ஜூன் திருத்தம் சான்று. பகலில் சூரிய மின்சாரம் கிடைக்கும் நேரத்தில் குறைந்த கட்டணமும் உச்சநேரத்தில் கூடுதல் கட்டணமும் வசூலிக்கும் முறையை அது கொண்டுவந்தது. ஸ்மார்ட் மீட்டர் காட்டும் உச்சபட்சச் சுமையைக் கொண்டு, மீட்டர் பொருத்துவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் விதிக்கக் கூடாது என்றும் அது கூற வேண்டியிருந்தது. முன்பு யாருக்கும் தெரியாதிருந்த ஒன்று தெரியவந்ததுமே அதைப் பழைய கணக்கில் எழுத முற்படுவார்கள் என்ற அச்சம் அந்த வரியில் இருக்கிறது.

2024இல் குஜராத்தின் வதோதராவிலும் பீகாரின் பல ஊர்களிலும் மக்கள் ஸ்மார்ட் மீட்டருக்கு எதிராகத் திரண்டனர். புகாரின் சொற்கள் டெல்லியில் இருபதாண்டுகளுக்கு முன் கேட்டவையே: மீட்டர் வேகமாக ஓடுகிறது. அவ்வாண்டு பிப்ரவரியில் ஒன்றிய அரசு திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள் இதற்கு ஒரு வழி சொல்கின்றன. மீட்டரின் அளவு தம் உண்மையான நுகர்வோடு பொருந்தவில்லை என்று ஒருவர் புகார் செய்தால், ஐந்து நாள்களுக்குள் இன்னொரு மீட்டரை அருகில் பொருத்தி, குறைந்தது மூன்று மாதங்களுக்கு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகக்கூடும். முன்பணம் தீர்ந்து இரவில் மின்சாரம் நின்றதையும், பேச வேண்டிய ஆள் யாரென்று தெரியாததையும் அளக்க, அருகில் பொருத்தும் அந்த இரண்டாவது மீட்டரில் எண் இல்லை.